ஆலயப் பதிவேடும் கணினியும்

(ஆலய ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற உபயகாரர், தொண்டூழியர் ஒன்றுகூடலில் நிர்வாகக் குழு உறுப்பினரும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியருமான ஒருவர் ஆற்றிய உரை)



இதுபோன்ற ஒன்றுகூடலில் திருமுறை பற்றியோ, சைவ சித்தாந்தம் பற்றியோ அறிஞர்கள் பேசக் கேட்பது நம் வழக்கம். இவ்வாண்டு எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு கணினி. கோயில் மண்டபத்தில் நின்றுகொண்டு கணினியைப் பற்றிப் பேசுவதா என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். காரணம் இருக்கிறது. அர்ச்சனைச் சீட்டு, உபயப் பதிவு, திருப்பணி நன்கொடை, அன்னதானக் கணக்கு, மண்டப முன்பதிவு, பிள்ளைகளின் சமய வகுப்பு ஆகிய எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றுவது பற்றி நம் நிர்வாகக் குழு ஆலோசித்து வருகிறது. நிறுவனங்கள் சில வந்து தங்கள் மென்பொருளைக் காட்டிவிட்டும் போயிருக்கின்றன. அதற்குச் செலவாகப் போகும் பணம் உங்களுடையது. அதில் ஏறப்போகும் பெயர்களும் உங்களுடையவை. ஆகவே இது குழு அறைக்குள் மட்டும் பேசி முடிக்கக்கூடிய விஷயமன்று.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணினி வாங்குவது எளிது. அதில் போடும் தகவல் உண்மையானதாகவும், ஒருவருக்குப் பயன்படுவதாகவும், பத்திரமாகவும் இருக்கும்படி பார்த்துக்கொள்வதே கடினம். பின்னதைச் செய்யாமல் முன்னதைச் செய்தால், பழைய குழப்பம் புதிய பெட்டிக்குள் வேகமாக ஓடும், அவ்வளவுதான்.

முன்னோர் எழுதிவைத்த முறை

தகவலைத் திரட்டி வைப்பது மேல்நாட்டாரிடமிருந்து நாம் கற்றுக்கொண்ட புதுப்பழக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களே ஒரு பெரிய பதிவேடு. முதலாம் இராசராச சோழன் 1010ஆம் ஆண்டையொட்டி முடித்த அக்கோயிலில், யார் என்ன கொடுத்தார், எவ்வளவு எடை, எத்தனை முத்து என்பதெல்லாம் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன.

அதில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, அளவை. பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் கல்லால் நிறுத்தார்கள். மணிகள் பதித்த நகைகளுக்குத் ‘தட்சிணமேரு விடங்கன்’ என்னும் கல். நெல்லை அளக்கவும் ஆடவல்லான் என்னும் மரக்கால். எந்தக் கல்லால் நிறுத்தோம் என்பதையும் சேர்த்து எழுதினார்கள். ஆளுக்கொரு படியால் அளந்தால் கணக்கு கூடாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாவது, பயன். ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் கொடுக்கப்பட்டன. ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ‘96 ஆடு வரவு’ என்று எழுதி அவர்கள் நிறுத்திவிடவில்லை. அந்த ஆடுகளால் எந்த விளக்கு எரிய வேண்டும் என்பதையும் எழுதினார்கள். கொடை, பொறுப்பு, பயன் மூன்றும் ஒரே பதிவில் நின்றன.

மூன்றாவது, மாற்றம். கோயிற்பணிக்கு அமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்கள், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாம் வீடு என்ற விவரத்தோடு பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்கு 100 கலம் நெல். பங்கு பெறுவோரில் ஒருவர் இறந்துவிட்டால், அல்லது ஊரைவிட்டுப் போய்விட்டால், அடுத்த உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுப் பணி செய்ய வேண்டும், அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரைத் தெரிந்தெடுக்க வேண்டும் என்ற ஏற்பாடும் அங்கேயே இருக்கிறது. பெயர்ப்பட்டியல் என்பது ஒருநாள் எழுதி முடிகிற வேலையன்று, மனிதர் மாறும்போது அதுவும் மாற வேண்டும் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டியவர்கள் நம்மவர்கள்.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளும் உங்களுக்குத் தெரிந்தவைதாம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டப்பட்டவை. குடவோலை முறையில் வாரிய உறுப்பினரைத் தெரிந்தெடுத்த விதத்தை அவை கூறுகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மீண்டும் நிற்க முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. கணக்குக் காட்டுவதை அவர்கள் தகுதியின் அளவுகோலாகவே வைத்தார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்ற பழமொழி சும்மா பிறக்கவில்லை.

ஒரு பெயர், பல வடிவம்

இனி நம் பதிவேட்டுக்கு வருவோம். கணினிக்கு மாறும் எந்த அமைப்பும் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் பெயர்தான். நம் தமிழர் பெயர்களுக்கு அந்தத் தொல்லை இரட்டிப்பு.

இலட்சுமி என்ற ஒரே பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழில் எழுத்தர் காதில் விழுந்தபடி லெட்சுமி என்றோ லெச்சுமி என்றோ ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். வீட்டார் லட்சுமி என்பார்கள். உபயப் புத்தகத்தில் இலட்சுமி. அர்ச்சனைச் சீட்டில் அன்று முகப்பில் இருந்தவர் எப்படி எழுதினாரோ அப்படி. மனிதக் கண்ணுக்கு இவர் ஒருவரே. கணினிக்கு நான்கு பேர். இந்த நால்வருக்கும் நான்கு அழைப்பிதழ் போகும், நான்கு பேர் கொடுத்ததாகக் கணக்கு ஏறும்.

பிறகு தந்தை பெயர். நமக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று எழுதுகிறோம். பல மென்பொருள்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களை வைத்திருக்கின்றன. மகளுக்குப் போக வேண்டிய கடிதத்தில் ‘திருமதி’ என்று போட்டுத் தந்தையின் பெயரை அச்சடித்துவிடுகின்றன. சிரிப்பாக இருக்கும். தந்தையை அண்மையில் இழந்த மகளுக்கு அது சிரிப்பாக இராது.

இன்னொன்று. ஆங்கில எழுத்தில் ல, ள, ழ மூன்றுக்கும் ஓரெழுத்தே பெரும்பாலும் வரும். சீட்டை ஆங்கிலத்தில் மட்டும் அச்சடித்துக் கொடுத்தால், சன்னிதியில் நிற்கும் குருக்கள் ஐயா எந்த ஒலியில் சங்கல்பம் செய்வார்? இறைவனுக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லலாம். ஆனால் தட்டை ஏந்தி நிற்கிற தாய்க்குத் தன் பிள்ளையின் பெயர் சரியாக ஒலிக்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறதே, அதை மதிக்க வேண்டியது நம் கடமை.

ஆகவே என் யோசனை இது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரே எண். அந்த எண்ணின்கீழ் குடும்பத்தாரின் அட்டையில் உள்ள பெயர், தமிழில் எழுதிய பெயர், நட்சத்திரம், இராசி. அர்ச்சனை ஆனாலும் உபயம் ஆனாலும் திருப்பணி ஆனாலும் அதே எண். எல்லாருக்கும் பொதுவான ஆடவல்லான் கல் ஒன்று நமக்கும் வேண்டும் அல்லவா?

பல பட்டியல் வைத்திருப்பதால் என்ன நேரும் என்பதற்கு நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு சமூக அமைப்பு ஒன்றில் தொண்டு செய்துவந்தேன். அங்கே உறுப்பினர் பட்டியல் ஒருவரிடம், நன்கொடையாளர் பட்டியல் இன்னொருவரிடம். உறுப்பினர் ஒருவர் காலமானார். வீட்டார் முறைப்படி தெரிவித்தார்கள். உறுப்பினர் பட்டியலில் அடித்துவிட்டார்கள். நன்கொடையாளர் பட்டியலை வைத்திருந்தவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆண்டு விருந்துக்கு அழைப்பிதழ் மறைந்தவர் பெயருக்கே போனது, ‘துணைவியாருடன் வருக’ என்ற வாசகத்தோடு. அந்த அம்மா அழைப்பிதழைக் கையில் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். கோபித்துக்கொள்ளவில்லை. ‘தம்பி, அவர் பேரை எடுத்துடுங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த அமைப்பில் நல்ல கணினி இருந்தது. இரண்டு பட்டியலும் ஒன்றையொன்று அறியாமல் இருந்ததுதான் கோளாறு.

தேதியா, திதியா?

பெயருக்கு அடுத்தது நாள். நம் உபயங்கள் ஆங்கிலத் தேதியைப் பார்த்து வருவதில்லை. தைப்பூசத்தையே பாருங்கள். 2023ல் பிப்ரவரி 5, 2024ல் ஜனவரி 25, 2025ல் பிப்ரவரி 11. ஒரு குடும்பத்தின் பூச நட்சத்திர உபயத்தை ‘பிப்ரவரி 5’ என்று கணினியில் ஏற்றிவிட்டால், மறு ஆண்டும் அது பிப்ரவரி 5ஆம் தேதியே நினைவூட்டும். பூசமோ பதினொரு நாள் முன்னதாகவே வந்து போயிருக்கும்.

தந்தையின் நினைவாகத் திதியில் அன்னதான உபயம் செய்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம். மாதம், பட்சம், திதி என்று பழைய பதிவேட்டில் எழுதியிருப்பார்கள். அதை ஆங்கிலத் தேதியாக மாற்றி ஏற்றுகிற வேகத்தில், உபயத்தின் பொருளே தொலைந்துவிடும். நட்சத்திரத்தையும் திதியையும் அப்படியே பதிவுசெய்து, ஒவ்வோர் ஆண்டும் பஞ்சாங்கம் வந்ததும் அவ்வாண்டுக்கான தேதியைக் குருக்கள் ஐயா பார்த்துக் குறிக்க, அதன்பிறகு கணினி நினைவூட்டட்டும். மென்பொருள் விற்க வந்தவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். ‘எங்கள் மென்பொருளில் அதற்கு இடமில்லையே’ என்று ஒருவர் சொன்னால், மென்பொருளைத்தான் மாற்ற வேண்டும், திதியை அன்று.

பணம் வந்தது, நோக்கம் வரவில்லை

சிங்கப்பூரில் 2017ஆம் ஆண்டு ஜூலையில் பேநவ் சேவை வந்தது. இன்று உண்டியல் அருகிலேயே சதுரக் குறியீட்டை ஒட்டிவைத்திருக்கிறோம். கைத்தொலைபேசியைக் காட்டினால் காணிக்கை சேர்ந்துவிடுகிறது. சில்லறை எண்ண வேண்டியதில்லை. நல்ல வசதி, மறுப்பதற்கில்லை.

ஆனால் வங்கிக் கணக்கில் 51 வெள்ளி என்று மட்டும் விழுந்தால், அது அர்ச்சனைக்கா, அன்னதானத்துக்கா, திருப்பணிக்கா? அறநிறுவனக் கணக்கில் இது சிறிய கேள்வியன்று. ஒரு நோக்கத்துக்கென்று குறித்துக் கொடுத்த பணத்தை அந்த நோக்கத்துக்கே செலவிட வேண்டும். கோபுரத் திருப்பணிக்குத் தந்ததை எடுத்து மின்கட்டணம் கட்டக் கூடாது. நோக்கம் எழுதப்படாமல் வந்த பணத்தைப் பிறகு யாரோ ஒருவர் ஊகித்து ஏதோ ஒரு பத்தியில் போட வேண்டியிருக்கிறது. ஊகம் கணக்காகாது.

இதைக் கணக்காய்வாளர் வந்து திருத்த முடியாது. பணம் புறப்படும் அந்த ஒரு நொடியிலேதான் திருத்த முடியும். அன்னதானத்துக்கு ஒரு குறியீடு, திருப்பணிக்கு ஒரு குறியீடு, பொது நிதிக்கு ஒரு குறியீடு என்று தனித்தனியே வைத்து, எது எதற்கு என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். மீதிப் பாதி உங்கள் கையில் இருக்கிறது. அனுப்பும்போது குறிப்புப் பகுதியில் இரண்டு சொல் எழுதுங்கள்.

வேண்டியதை மட்டும் கேட்போம்

கணினி வந்துவிட்டால் ஒரு சபலம் வரும். இடம் நிறைய இருக்கிறது, எல்லாவற்றையும் கேட்டு வைப்போமே என்று தோன்றும். பிறந்த தேதி, வேலை, சம்பளம், அடையாள அட்டை எண் என்று படிவம் நீண்டுகொண்டே போகும்.

சட்டம் என்ன சொல்கிறது? தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் சிங்கப்பூரில் 2012ல் நிறைவேறியது. அதன் முக்கிய விதிகள் 2014 ஜூலை 2ஆம் தேதி நடப்புக்கு வந்தன. அறநிறுவனங்களுக்கும் அது பொருந்தும். 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்டால் அல்லது ஒருவரின் அடையாளத்தை மிக உறுதியாக அறிய வேண்டிய தேவை இருந்தால் அன்றி, அடையாள அட்டை எண்ணை வாங்கி வைக்கக் கூடாது. குலுக்குச் சீட்டுக்கும் பால்குடப் பதிவுக்கும் அட்டை எண்ணை வாங்கிய காலம் போய்விட்டது. வரிக்கழிவு வேண்டும் நன்கொடை வேறு. பொதுநல அந்தஸ்து பெற்ற அறநிறுவனங்களுக்கு அத்தகைய நன்கொடை தருவோர், 2011 முதல் தங்கள் அடையாள எண்ணைத் தந்தாக வேண்டும். அதை வாங்குவதற்குக் காரணம் இருக்கிறது. காரணம் சொல்ல முடிந்தால் கேட்கலாம். சொல்ல முடியாததைக் கேட்கவே கூடாது. அந்த எண்ணைக் கடவுச்சொல்லாகவும் பயன்படுத்த வேண்டாம் என்று 2025ல் அரசாங்கம் அறிவுறுத்தியிருக்கிறது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? 2018ல் சிங்ஹெல்த் கணினிக் கட்டமைப்பில் நடந்த ஊடுருவல் நினைவிருக்கும். சுமார் 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டன. நிபுணர்கள் பலரை வைத்திருந்த பெரிய அமைப்புக்கே அந்த நிலை என்றால், மாலை நேரத்தில் வந்து தொண்டு செய்கிறவர்களை நம்பி நடக்கும் கோயில்கள் எம்மாத்திரம்? நம்மிடம் இல்லாத தகவலை யாரும் திருட முடியாது. இருப்பது களவு போனால் நாம் பதில் சொல்ல வேண்டும். 2021 பிப்ரவரி முதல், 500 பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ பாதிக்கப்படும் கசிவு நேர்ந்ததென்று உறுதியானால், 3 நாட்களுக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது.

வாங்கிய தகவலை எதற்கென்று சொல்லி வாங்கினோமோ அதற்கே பயன்படுத்த வேண்டும். கொவிட் காலத்தில் நாம் எல்லாரும் டிரேஸ்டுகெதர் செயலியை வைத்திருந்தோம். தொற்றுத் தடமறிய மட்டும் என்று சொல்லப்பட்டிருந்தது. 2021 ஜனவரியில், குற்ற விசாரணைக்குக் காவல்துறையும் அத்தகவலைப் பெற முடியும் என்பது நாடாளுமன்றத்தில் தெரியவந்தபோது மக்களிடையே கவலை எழுந்தது. அரசாங்கம் அதை விளக்கி, அடுத்த மாதமே சட்டத் திருத்தம் கொண்டுவந்து, கடுங்குற்றங்களில் ஏழு வகைக்கு மட்டும் என்று வரையறுத்தது. ஒரு நாட்டுக்கே அந்தப் பாடம் தேவைப்பட்டது. அர்ச்சனைக்காக ஒரு தாய் கொடுத்த தொலைபேசி எண்ணுக்குக் கல்யாண மண்டப விளம்பரமோ, யாரோ ஒருவருடைய காப்புறுதி விளம்பரமோ போகக் கூடாது. போனால், அடுத்த முறை அவர் தம் எண்ணைத் தரமாட்டார். நம்பிக்கையை ஒரு முறைதான் உடைக்க முடியும்.

எண்களிடம் கேள்வி கேட்போம்

இதுவரை தகவலைச் சேர்ப்பதும் காப்பதும் பற்றிச் சொன்னேன். சேர்த்ததை என்ன செய்வது? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. கணினிச் சுரைக்காயும் அப்படித்தான்.

நான் ஆசிரியராக இருந்தவன். பள்ளிகளுக்கான முதல் தகவல் தொழில்நுட்பப் பெருந்திட்டம் 1997ல் தொடங்கியது. 200 கோடி வெள்ளி ஒதுக்கினார்கள். வகுப்பறைகளுக்குக் கணினிகள் வந்தன. கரும்பலகையில் எழுதியதையே திரையில் காட்டிய வகுப்புகளும் இருந்தன. பிள்ளைகள் புதிதாகச் சிந்தித்த வகுப்புகளும் இருந்தன. இரண்டு வகுப்பிலும் ஒரே கணினிதான். ஆசிரியர் என்ன கேட்டார் என்பதில்தான் வேறுபாடு.

மதிப்பெண் பட்டியலும் அப்படித்தான். வகுப்பின் சராசரி 60 என்று தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். 90 வாங்கியவனும் 30 வாங்கியவளும் அந்த 60க்குள் ஒளிந்துகொண்டிருப்பார்கள். எந்தக் கேள்வியில் பாதி வகுப்பு தவறியது என்று தேடினால், நாம் சரியாகச் சொல்லிக்கொடுக்காத பாடம் எது என்று அதே பட்டியல் காட்டிக்கொடுக்கும். பட்டியல் மாணவரை மட்டும் அளப்பதில்லை, நம்மையும் அளக்கும்.

இதைக் கோயிலுக்குப் பொருத்திப் பாருங்கள். ‘இவ்வளவு பேருக்கு அன்னதானம் செய்தோம்’ என்று ஆண்டறிக்கையில் போடுவது பெருமை. சமையற்கட்டுக்கு அது உதவாது. இன்று சஷ்டியா, கிருத்திகையா, பிரதோஷமா, மழையா, பள்ளி விடுமுறையா, எத்தனை தட்டு போனது, எவ்வளவு மிஞ்சியது என்று நாள்தோறும் ஐந்தாறு விவரம் எழுதினால், அடுத்த கிருத்திகைக்கு எத்தனை கிலோ அரிசி போடுவது என்று சமையல் பொறுப்பாளர் திட்டமிடலாம். இதில் பலரும் எழுதத் தயங்குவது மிஞ்சிய கணக்கை. அதுதான் எல்லாவற்றிலும் விலைமதிப்புள்ள தகவல். குறை சொல்வதற்காக அதைக் கேட்கவில்லை என்று தொண்டூழியருக்கு நாம் உறுதி சொல்ல வேண்டும். உண்மையை எழுதியவரைக் கடிந்துகொண்டால், மறுநாள் முதல் பொய்யான எண்தான் வரும்.

உபயப் பதிவேட்டிலும் ஒரு கேள்வி இருக்கிறது. ‘இவ்வாண்டு அதிகம் கொடுத்தவர் யார்?’ என்ற கேள்வியைக் கணினி ஒரு நொடியில் தீர்த்துவிடும். அந்தக் கேள்வி நமக்கு வேண்டாம். ‘இருபது ஆண்டு தவறாமல் வந்தவர்களில் இவ்வாண்டு வராதவர் யார்?’ என்று கேளுங்கள். அவர் நோயுற்றிருக்கலாம். வீடு மாறியிருக்கலாம். தாதிமை இல்லத்தில் இருக்கலாம். பணம் கேட்பதற்காக அன்று, நலம் கேட்பதற்காக ஒருவர் தொலைபேசியில் அழைக்க வேண்டும். இந்தக் கேள்வி ஒன்றுக்காகவே கணினி வாங்கலாம் என்பேன்.

முகப்பு மூடப்படலாகாது

எல்லாம் கணினிக்குப் போன பிறகு, முகப்பில் ஆள் எதற்கு, சம்பளம் மிச்சமாகுமே என்ற பேச்சு எழுவது இயல்பு. இதில் என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். முகப்பு மூடப்படக் கூடாது. கைத்தொலைபேசியில் கடவுச்சொல் போடத் தெரியாத பாட்டிக்கும் இக்கோயில் சொந்தம். பல திருப்பணிகளைத் தாங்கியவை அந்தக் கைகள். திரையின் முன் நின்று திகைக்கும்படி அவர்களை நாம் வைக்கலாகாது. இளையவர்கள் தாங்களே பதிவுசெய்துகொள்ளட்டும். அதனால் மிச்சமாகும் நேரத்தில் முகப்பில் இருப்பவர் முதியவரோடு இரண்டு வார்த்தை பேசட்டும். மகன் வெளிநாடு போய்விட்டான், தெம்பனிசுக்கு வீடு மாறிவிட்டோம் என்பது போன்ற செய்திகள் அந்தப் பேச்சில்தான் வரும். எந்தப் படிவத்தைவிடவும் அதுவே நல்ல தகவல் திரட்டு.

நிர்வாகக் குழுவின் முன் நான் வைத்திருக்கும் யோசனைகள் சிலவற்றை நீங்களும் அறிய வேண்டும். மென்பொருள் வாங்குமுன், எந்தக் கேள்விகளுக்கு நமக்கு விடை வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுவோம். பிறகு ஆறு மாதம் பழைய பதிவேடுகளைச் சரிபார்ப்போம். மாறிய பிறகும் ஒரு திருவிழாக் காலம் முழுதும் கையெழுத்துப் பதிவும் கணினிப் பதிவும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கட்டும். இரண்டும் ஒத்துப்போன பிறகே பழையதை நிறுத்துவோம். பதிவேட்டுக்கு ஒருவரைப் பொறுப்பாளராகவும் ஒருவரைத் துணைப் பொறுப்பாளராகவும் பெயர் சொல்லி நியமிப்போம். செயலாளர் மாறும்போது கோப்புகள் அவருடைய சொந்த மடிக்கணினியோடு வீட்டுக்குப் போய்விடக் கூடாது. கடைசியாக, பழைய நோட்டுப் புத்தகங்களைப் படம் எடுத்து வைத்த பிறகும் தூக்கி எறியக் கூடாது. அந்த மை எழுத்துகளில் நம் தாத்தா பாட்டிமார் கொடுத்த ஒரு வெள்ளியும் இரண்டு வெள்ளியும் இருக்கின்றன. வேறெங்கும் எழுதப்படாத நம் சமூகத்தின் வரலாறு அது.

இவற்றால் வேலை தாமதமாகும் என்று குழுவில் சிலர் கருதுகிறார்கள். அவர்கள் கவலையிலும் நியாயம் இருக்கிறது. இளைஞர்கள் காத்திருக்கமாட்டார்கள், செலவும் ஏறிக்கொண்டே போகும். ஆயினும் அடித்தளம் இடாமல் கோபுரம் எழுப்பிய சிற்பி யாரும் இல்லை.

நிறைவாக உங்களிடம் சில வேண்டுகோள்கள். முகப்பில் ஒரு படிவம் வைக்கப்படும். உங்கள் குடும்பப் பெயர்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் நீங்களே உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள். வீடு மாறினால், தொலைபேசி எண் மாறினால், வீட்டில் பிறப்போ இறப்போ நேர்ந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பேநவ் வழியாக அனுப்பும்போது நோக்கத்தை எழுதுங்கள். எந்தப் படிவத்திலாவது தேவையில்லாததைக் கேட்டிருந்தால், ‘இது எதற்கு?’ என்று எங்களைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, அதற்காக நாங்கள் வருத்தப்பட மாட்டோம். தமிழ் வாசிக்கத் தெரிந்த இளைஞர்களும் ஓய்வுபெற்ற பெரியவர்களும் சனிக்கிழமை மாலைகளில் இரண்டிரண்டு பேராக அமர்ந்து பழைய பதிவேடுகளைச் சரிபார்க்க முன்வாருங்கள். கணினி தெரிந்த பேரனும் கையெழுத்துப் புரிந்த தாத்தாவும் ஒரே மேசையில் அமர்ந்தால்தான் இவ்வேலை முடியும்.

இறைவன் சன்னிதியில் ஒரு பெயரைச் சொல்லிக் கொடுத்த காசு, அந்தப் பெயரோடும் அந்த நோக்கத்தோடும் கடைசிவரை நிற்க வேண்டும். கல்லில் வெட்டியபோதும் அதுதான் அறம். கணினியில் ஏற்றும்போதும் அதுதான் அறம்.